காளியண்ணன் துப்பாக்கிக்கு எந்தக் கட்டம்?

ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் ‘பசுமையான நினைவு’ ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று ஒரு தம்பி இரண்டு தடவை போன் செய்தான். தெய்வானை அக்கா ஆயுத செக்‌ஷனில் இருந்தவர், சுவாரசியமாக இருக்கும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆயுத செக்‌ஷனில் பசுமையாக ஒன்றும் கிடையாது தம்பி, எல்லாம் துரு என்றேன். அவன் சிரித்துவிட்டு, இப்போது லைசன்ஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, இனிமேல் ஒரு துப்பாக்கிகூடக் கணக்குத் தப்பாது என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் எழுந்துபோய்த் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு வராது. யாரோ ஒருவர் அடித்துக் கொடுப்பதைத்தான் வைத்துக்கொள்ளும். அந்த யாரோ ஒருவராக நான் ஆறு வருஷம் இருந்தவள். சட்டசபையில் யாராவது எழுந்து, மாநிலத்தில் காணாமல் போன துப்பாக்கிகள் எத்தனை என்று கேட்பார்கள். மந்திரி ஒரு எண்ணைப் படிப்பார். மறுநாள் பேப்பரில் வரும். அந்த எண் எந்த மாதிரி இடத்தில் பிறந்தது என்று தெரிந்தால் மந்திரிக்கே நாக்கு கூசும்.

சித்தூர் காலேஜில் படித்து, பரீட்சை எழுதி, எழுபதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டு ஜில்லாவில் ஒரு தாலுகா ஆபீசில் எல்.டி. கிளார்க் ஆனேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். ஊர் பேரும் ஆள் பேரும் மாற்றித்தான் எழுதுகிறேன். வீட்டில் பேசுவது எங்கள் கொங்குத் தமிழ், ஆபீசில் பேசுவது மலையாளம், எழுதுவது இங்கிலீஷ். மூன்றிலும் ஒரே மாதிரி பொய் சொல்ல முடியும் என்று முதல் ஆறு மாசத்தில் கற்றுக்கொண்டேன். டிரெயினிங் என்றால் அவ்வளவுதான். ஆயுத செக்‌ஷன் எனக்கு வந்ததற்குக் காரணம், அதை வேறு யாரும் கேட்கவில்லை. ஆண்கள் எல்லாரும் நிலம் சம்பந்தப்பட்ட செக்‌ஷனுக்கு அடித்துக்கொண்டார்கள். அங்கே இளநீரும் வாழைத்தாரும் வரும். எனக்குத் துப்பாக்கிதான் வந்தது.

துப்பாக்கி என்றதும் சினிமாவில் பார்த்ததை நினைக்கக் கூடாது. எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் நிலக்கடலைக்காட்டில் பன்றி இறங்காமல் இருக்க வைத்திருந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிகள். வாய் வழியாக மருந்தைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுட வேண்டும். பாதிக்கு மேல் சுடவே சுடாது. வருஷத்துக்கு ஒரு தடவை லைசன்சைப் புதுப்பிக்கத் துப்பாக்கியோடு ஆபீசுக்கு வர வேண்டும். மார்கழியில் எங்கள் வராந்தாவில் ஐம்பது அறுபது பேர் சாக்குப்பையில் சுற்றிய துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குழலில் வெட்டியிருக்கும் நம்பரும் ரிஜிஸ்டரில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. மண்ணெண்ணெயில் நனைத்த தேங்காய் நாரால் துருவைத் தேய்த்து, சாக்பீஸ் பொடியைத் தடவித் துடைத்தால் வெட்டின பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். அப்போது எண் தெரியும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த அதிகாரியும் இல்லை, வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு குடியானவர்தான்.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் நாரும் தேய்க்கவில்லை, சாக்பீசும் தடவவில்லை. ‘நம்பர் தெளிவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபிக்குப் போயிருக்கிறார்கள். ரிஜிஸ்டரில் பக்கம் பக்கமாக நம்பர் தெளிவில்லை.

இரண்டாவது வருஷம் ஒரு காலையில் கட்டை பிளந்து செப்புக் கம்பி சுற்றின துப்பாக்கி ஒன்று வந்தது. பார்த்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து வேறொருவர் வந்தார், அவர் துப்பாக்கியிலும் கட்டை பிளந்து செப்புக் கம்பி. மத்தியானம் மூன்றாமவர் அதே கம்பியோடு வந்தார். சுற்று எண்ணிப் பார்த்தேன், ஒன்பது சுற்று. மூன்று பேரும் ஒரே ஊர், மூன்று பேருக்கும் ரிஜிஸ்டரில் நம்பர் தெளிவில்லை.

“ஏனுங்க, இது காலையில வந்துட்டுப் போன துப்பாக்கிதானுங்க?” என்றேன்.

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. “ஆமாங்க அம்மணி. எங்குளுது காணாமப் போயி நாலு வருசமாச்சு. வருசா வருசம் இதத்தான் கொண்டாறோம். கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்தாங்க” என்றார்.

ஓடிப்போய் ஹெட் கிளார்க்கிடம் சொன்னேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பாஸ்கரன் சார். மெலிந்த, சுத்தமான மனிதர். மேஜையில் பேனாவே கிடையாது. ஒரு சிவப்புப் பென்சில், ஒரு ரப்பர், அவ்வளவுதான். ஃபைலைப் படித்து ஓரத்தில் பென்சிலால் இரண்டு வார்த்தை எழுதுவார். நாங்கள் அதை மையில் எழுதிக் கொண்டுபோனதும் தன் எழுத்தை ரப்பரால் அழித்து, தூளை வாயால் ஊதிவிட்டு, ஃபைலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தடம் தெரிந்தால் இன்னொரு தடவை தேய்ப்பார். சர்வீசில் அத்தனை வருஷம் இருந்த மனிதரின் எழுத்து ஒரு ஃபைலிலும் கிடையாது. எல்லாக் கெட்ட முடிவும் எங்கள் கையெழுத்தில் இருந்தது.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: “குட்டி, லைசன்ஸ் எத்தனை?”

“மூணு சார்.”

“இன்னிக்கு வந்த தோக்கு எத்தனை?” ஆபீசில் துப்பாக்கிக்குத் தோக்கு என்றுதான் சொல்வார்கள்.

“மூணு தடவை வந்தது சார். ஆனா தோக்கு ஒண்ணுதான்.”

“மூணு தடவை வந்துதல்லோ? அப்போ மூணு. போய் எழுது.”

எழுதினேன். அந்த மாதிரி எழுதினதையெல்லாம் கூட்டித்தான் மேலே அனுப்பினோம்.

மூன்று மாசத்துக்கு ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷன்களிலிருந்து பட்டியல் வரும். எங்களுக்கு இரண்டு காப்பி. ஒன்று ஃபைலுக்கு. இன்னொன்றை நான் டிக் அடித்துக் கூட்டிப் பார்க்க வைத்துக்கொள்வேன். அதிலிருந்து ஒரு ஸ்டேட்மென்ட் டைப் அடித்து கலெக்டராபீசுக்கு அனுப்ப வேண்டும். இருப்பு, புதிது, ரத்து, ஸ்டேஷனில் ஒப்படைத்தது, லாஸ்ட், ஸ்டோலன் என்று கட்டங்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, ஒன்றும் இல்லையென்றால் இங்கிலீஷில் ‘நில்’ என்று அடிக்க வேண்டும். ஸ்டோலன் கட்டத்தில் மேலிருந்து கீழே நில், நில், நில் என்று அடித்துக்கொண்டே வருவேன். தமிழில் படித்தால் யாரையோ ஓடாதே என்று மிரட்டுகிற மாதிரி இருக்கும். நின்றது எதுவும் இல்லை.

ஒரு தடவை ஒரு ஸ்டேஷனே தப்பித்தவறி ஸ்டோலனில் ஒன்று போட்டு அனுப்பியிருந்தது. பாஸ்கரன் சாரின் சிவப்புப் பென்சில் அங்கே வந்து நின்றது.

“இதெந்தா இது?”

“ஓட்டைப் பிரிச்சு எறங்கித் திருடிட்டுப் போயிட்டாங்களாம் சார்.”

“களவுன்னா கேஸ் வேணும். கேஸ்னா கள்ளன் வேணும். கள்ளனை நீ கொண்டு வருவியா? லாஸ்ட்னு போடு. தொலைஞ்சதுக்குக் கள்ளன் வேண்டா.”

சூட்சுமம் முழுக்க அதில் இருந்தது. களவு என்றால் பிடிக்க வேண்டியது ஸ்டேஷன். தொலைந்தது என்றால் குற்றம் தொலைத்தவன் தலையில். ஒரு கட்டம் இடம் மாறினால் போதும், வீட்டில் திருடு கொடுத்தவனே குற்றவாளி ஆகிவிடுவான். மேலே போன கணக்கைப் படித்தால் எங்கள் தாலுகாவில் திருடனே கிடையாது, மறதிக்காரர்கள்தான் உண்டு.

எமர்ஜென்சி நடந்த சமயம், ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மேஜைமேல் காகிதம் நிற்காது. ஆளுக்கொரு கல்லைப் பாரமாக வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தோம். ஒரு பெண் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் ஒரு நோட்டீஸ்.

“ஏனுங் அம்மணி, இது என்னன்னு படிச்சுச் சொல்றீங்களா? நாலு மேசைக்குப் போயிட்டேன். எல்லாரும் மலையாளத்துலயே பேசறாங்க.”

அவள் பெயர் பாவாத்தாள். கரட்டுச்சள்ளை என்ற ஊர். கணவன் காளியண்ணன் தை மாசம் காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். பத்து வயதில் ஒரு மகள். நோட்டீஸ் அந்த ஊர் சேர்ந்த போலீஸ் ஸ்டேஷன் எஸ்.ஐ. அனுப்பியது. இறந்த லைசன்ஸ்தாரரின் துப்பாக்கியை வாரிசு ஒப்படைக்காமல் மறைத்து வைத்திருப்பதாகவும், ஏழு நாளில் கொண்டுவராவிட்டால் கைது என்றும் இருந்தது. படித்துச் சொன்னேன்.

“மறைச்சு வெச்சிருக்கறனா? மாசி மாசமே கொண்டுபோய்க் குடுத்துட்டனுங்களே! சோளத்தட்டுக் கட்டுக்குள்ள சொருகித் தலையில சுமந்துட்டுப் போயிக் குடுத்தனுங்க. எட்டு மைலு.”

“ரசீது குடுத்தாங்களாக்கா?”

“காலண்டர் தாளுக்குப் பின்னால எழுதிக் குடுத்தாங்க. முந்தாநேத்து எஸ்.ஐ. ஊட்டுக்கு வந்து எங்க ரசீதுன்னாரு. எடுத்துக் குடுத்தேன். படிச்சுப் பாத்துட்டு ஜோப்புல போட்டுக்கிட்டாரு. நானு வெளிய வந்து கேக்கறதுக்குள்ள ஜீப்பு போயிருச்சுங்க.”

எனக்கு ஏதோ பொறி தட்டியது. முந்தின காலாண்டுக் கட்டை அவிழ்த்தேன். அந்த ஸ்டேஷன் பட்டியலில், ‘ஒப்படைத்தது’ என்ற கட்டத்தில் ஒன்று. கீழே காளியண்ணன் பெயர், துப்பாக்கி நம்பர், ‘இறந்துவிட்டார்’ என்ற குறிப்பு. அடியில் எஸ்.ஐ.யின் கையெழுத்தே இருந்தது. அப்புறம் அந்த வாரம் வந்திருந்த புதுப் பட்டியலை எடுத்தேன். ஒப்படைத்தது நில். லாஸ்ட் ஒன்று. அதே நம்பர். ஸ்டேஷனுக்குள் போன துப்பாக்கி ஸ்டேஷனுக்குள்ளேயே தொலைந்திருக்கிறது. அதைத் தொலைத்தவர்களே கூட்டிக் கழித்து எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருத்தி இருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். வயசு அப்படி. “பயப்படாதீங்கக்கா, உங்க துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனதுக்கு எழுத்து இங்க என்ற பொட்டியிலயே இருக்குது. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது” என்றேன். அந்தத் தாளைத் திருப்பி அவள் புருஷன் பெயரைக்கூடத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பெரிய கண்டுபிடிப்பு மாதிரி பாஸ்கரன் சாரிடம் போய் ஒப்பித்தேன். இன்றைக்கும் என் புத்தியை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அந்த எஸ்.ஐ.யும் அவரும் சாயங்காலம் ஒன்றாக ஷட்டில் ஆடுகிறவர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அவர் மறுநாள் காலையில் கூப்பிட்டார்.

“குட்டி, போன காலாண்டு ஸ்டேட்மென்டில் ஒரு தெற்று உண்டு. ஒப்படைத்தது ஒண்ணுன்னு போயிருக்கு. அதை நில்லாத் திருத்தி கலெக்டராபீசுக்கு ஒரு கடிதம் போடணும். காரணம், கிளரிக்கல் எரர்.”

“ஸ்டேஷன் லிஸ்ட்ல ஒண்ணுன்னுதான் சார் இருக்கு.”

“அந்த ஃபைலை இங்கே கொண்டு வா.”

கொண்டுபோனேன். அந்தத் தாளை மட்டும் உருவி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

“எரர்னா யாரோட எரர் சார்?”

“செக்‌ஷன் யாரோடது? நின்றெ செக்‌ஷன். நின்றெ எரர். ஒரு சின்ன மெமோ வரும், சாரமில்லை, பயப்பட வேண்டா. மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்தால் தீர்ந்தது.” ஏதோ எனக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி சிரித்தார்.

நான் டைப் அடித்தேன். ஆமாம், அடித்தேன். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பி படித்துக்கொண்டிருந்தான், எமர்ஜென்சி நேரம், ஆபீசில் இரண்டு பேரை ஒரே வரி உத்தரவில் வேலையைவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இதெல்லாம் காரணங்கள். அடித்த கடிதம் டெபுட்டி தாசில்தார் கையெழுத்துக்காகத் தட்டில் கிடந்தது. அவர் கேம்ப் போயிருந்தார், பத்து நாள் கழித்துத்தான் வருவார். என் மேஜைக்குள் டிக் அடித்த இன்னொரு காப்பி இருந்ததை பாஸ்கரன் சார் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போது எனக்கு ஒரு திட்டமும் கிடையாது. ஃபைலைக் கேட்டார், ஃபைலைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஏழாவது நாள் பாவாத்தாளைக் கைது செய்தார்கள். எங்கள் ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ளேயே மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டும் சப்ஜெயிலும் இருந்தன. காலை பதினொரு மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் அவளை என் ஜன்னலை ஒட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“அம்மணி, அந்தக் கடுதாசி பத்திரமா இருக்குதுங்களா?”

நான் தலையை ஆட்டினேன். அவள் கூட வந்த போலீஸ்காரரிடம், “பாத்தீங்களா, நாஞ் சொன்னனில்ல, இருக்குதாமா” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அவளிடம் இருந்த ரசீதை எடுத்துக்கொண்டார்கள். அவள் சோளத்தட்டைச் சுமந்துகொண்டு போனதைப் பார்த்தவர்கள் யாரும் எஸ்.ஐ.க்கு எதிராகச் சாட்சி சொல்ல மாட்டார்கள். அவள் பக்கம் மிச்சம் இருந்தது என் ஸ்டேட்மென்டில் இருந்த ஒரு ஒன்று. அதை அழிக்கச் சொல்லி நானே கடிதம் அடித்துத் தட்டில் வைத்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. எல்லாரும் எழுந்து போனதும் தட்டிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் கிழித்தேன். வேறொன்று அடித்தேன். அதன் வாசகம் எனக்கு இன்னமும் மனப்பாடம்: “கடந்த காலாண்டு அறிக்கையில் ‘ஒப்படைத்தது: ஒன்று’ என்பதை ‘நில்’ என்று திருத்துமாறு ஹெட் கிளார்க் வாய்மொழியாக உத்தரவிட்டுள்ளார். ஸ்டேஷன் பட்டியலில் காளியண்ணனின் துப்பாக்கி ஒப்படைக்கப்பட்டதாகவே உள்ளது. நகல் இணைக்கப்பட்டுள்ளது. அதே துப்பாக்கி இந்தக் காலாண்டில் தொலைந்ததாகக் காட்டப்பட்டுள்ளது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று தெரிவிக்க வேண்டும்.”

மேஜைக்குள் இருந்த டிக் அடித்த காப்பியை அதோடு சேர்த்துக் குத்தினேன். ஒரு கோபமான வார்த்தைகூடக் கிடையாது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. சந்தேகம் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ‘வாய்மொழியாக’ என்ற ஒரு சொல்லை மட்டும் வேண்டுமென்றே போட்டேன். பென்சிலால்கூட எழுதாமல் வாயால் சொல்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய தொந்தரவு கிடையாது.

டெபுட்டி தாசில்தார் திரும்பி வந்த அன்று பாஸ்கரன் சார் லீவு. மலையாள மாசம் ஒன்றாம் தேதி கோயிலுக்குப் போகிற வழக்கம். டெபுட்டி தாசில்தார் எதையும் படிக்க மாட்டார். பாஸ்கரன் சார் படித்திருப்பார் என்ற நம்பிக்கையில் வருஷக்கணக்காகக் கையெழுத்துப் போட்டவர். மகள் கல்யாணத்துக்குப் பந்தல்காரனிடம் போனில் பேசிக்கொண்டே பன்னிரண்டு கையெழுத்துப் போட்டார். அதில் ஏழாவது என்னுடையது. மத்தியானத் தபாலில் போய்விட்டது.

‘ஒண்ணுன்னு எழுதினா ஒன்பது கடுதாசி வரும்’ என்று பாஸ்கரன் சார் அடிக்கடி பயமுறுத்துவார். அதற்கு மேலேயே வந்தது. கலெக்டராபீஸ் ஆர்.டி.ஓ.வைக் கேட்டது, ஆர்.டி.ஓ. எங்களைக் கேட்டார், நாங்கள் ஸ்டேஷனைக் கேட்டோம், ஸ்டேஷன் தனக்கு ஒன்றும் புரியவில்லை என்றது. பாஸ்கரன் சார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்கு வேண்டியதை பியூனிடம் சொல்லி அனுப்புவார். கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் தவணை கேட்க ஆரம்பித்ததும் பாவாத்தாளின் அண்ணன் ஜாமீன் கட்டி அவளை வெளியே கொண்டுவந்தார். பத்தொன்பது நாள் உள்ளே இருந்தாள். அந்தப் பத்தொன்பது நாளில் அவள் கடலைக்காட்டில் பன்றி இறங்கி ஒரு செடி மிச்சமில்லாமல் உழுதுவிட்டுப் போயிருந்தது. பன்றியை விரட்ட சர்க்கார் லைசன்ஸ் கொடுத்த துப்பாக்கியை சர்க்காரிடமே ஒப்படைத்த குற்றத்துக்குக் கிடைத்த கூலி.

துப்பாக்கி எங்கே போயிற்று என்பது ஊருக்கே தெரியும். அந்த ஸ்டேஷனில் பாரா நிற்கிற போலீஸ்காரர் ஒருவர் பட்டியல் கொண்டுவந்தபோது மெதுவாகச் சொன்னார். எஸ்.ஐ.யின் சிநேகிதர் ஒரு மரக் கான்ட்ராக்டர். அகளிக் காட்டுப் பக்கம் வேட்டைக்குப் போகிறேன் என்று கேட்டிருக்கிறார். மூலையில் சும்மாதானே கிடக்கிறது என்று எஸ்.ஐ. எடுத்துக் கொடுத்திருக்கிறார். போனவர் வெறுங்கையோடு திரும்பி, ஆற்றில் விழுந்துவிட்டது என்றார். ஆற்றில்தான் விழுந்ததா, விற்றாரா, கடவுளுக்குத்தான் தெரியும். இதை ஒரு கடிதத்திலும் ஒருவரும் எழுதவில்லை.

இதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஸ்.ஐ. மாற்றலாகிப் போய் இரண்டு வருஷத்தில் சர்க்கிள் இன்ஸ்பெக்டர் ஆனார். மரக் கான்ட்ராக்டருக்கு ஒரு சம்மன்கூடப் போகவில்லை. பாஸ்கரன் சார் பிரிவுபசார விழாவில் மாலையோடு உட்கார்ந்து, அப்பழுக்கற்ற சர்வீஸ் என்று ஐந்து பேர் பேசியதைக் கேட்டார். உண்மைதான், ஒரு ஃபைலிலும் அழுக்கு இல்லை, தேய்த்த தாள் கொஞ்சம் மெலிந்திருந்தது அவ்வளவுதான். எனக்கு அரை நாள் அவகாசம் கொடுத்து இடுக்கிக்கு மாற்றல் போட்டார்கள். சூரியநெல்லிப் பக்கத்து மலையில் நான்கு வருஷம் குளிரில் வேலை பார்த்தேன். அங்கே என்னை ஆயுத செக்‌ஷன் பக்கமே விடவில்லை. புத்திசாலிகள்.

மாற்றல் வருவதற்கு முன்னால், கார்த்திகை மாசம், அந்த விவகாரம் முடிந்த விதத்தைச் சொல்கிறேன்.

கலெக்டராபீஸ் விடாமல் கேட்கவே, ஸ்டேஷனும் எங்கள் ஆபீசும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருநாள் முற்பகலில் என்னை டெபுட்டி தாசில்தார் அறைக்கு ரிஜிஸ்டரோடு வரச் சொன்னார்கள். பாஸ்கரன் சார் நின்றுகொண்டிருந்தார். எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார். சுவரோரம் பாவாத்தாள். மேஜைமேல் ஒரு நாட்டுத் துப்பாக்கி, எண்ணெய் பூசிப் பளபளப்பாக.

“கிடைச்சாச்சு” என்றார் எஸ்.ஐ. “ஸ்டேஷன்லயே வேற கட்டுக்கு அடியில கிடந்திருக்கு. இந்த அம்மா பாத்து, இதுதான்னு கைநாட்டு வெச்சா கேஸை இன்னிக்கே முடிச்சுடலாம்.”

அவள் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன். கேஸ் முடியும், அவள் வீட்டுக்குப் போவாள், எனக்கும் மெமோ வராது. துப்பாக்கி ஒன்று வந்தால் சரி, எந்தத் துப்பாக்கியாக இருந்தால் என்ன? அந்த ஆபீசில் ஆறு வருஷம் இருந்ததில் எனக்கும் அந்தக் கணக்கு பழகிவிட்டிருந்தது.

பாவாத்தாள் மேஜையருகில் வந்தாள். துப்பாக்கியைக் கையில் எடுத்துத் திருப்பி, கட்டையை விரலால் தடவினாள். திரும்ப வைத்தாள்.

“இது எங்கூட்டுது இல்லீங்க.”

“நல்லாப் பாரும்மா” என்றார் எஸ்.ஐ. “எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கும்.”

“எங்கூட்டுக்காரருக்கு எடதுகைங்க. கன்னம் வெச்சு வெச்சு அந்தக் கட்டை இந்தப் பக்கமா தேஞ்சிருக்கும். இது அந்தப் பக்கம் தேஞ்சிருக்குதுங்க. இது வேற ஆரோடதோ.”

“நம்பர் என்ன சொல்லுது?” என்று டெபுட்டி தாசில்தார் என்னைப் பார்த்தார்.

“நம்பர் தெளிவில்லை” என்றார் பாஸ்கரன் சார். நான்கு மாசத்தில் என் காதுபட அவர் பேசிய முதல் வார்த்தை.

நான் வெளியே போய் என் மேஜையிலிருந்து சாக்பீஸை எடுத்து வந்தேன். எண்ணெயைத் துடைத்து, பொடியைத் தடவி, முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். நான்கு எண்ணும் பல் தெரிகிற மாதிரி தெரிந்தன. ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அது வேறொரு ஊர்க்காரர் ஒப்படைத்த துப்பாக்கி. அவரும் அந்த வருஷம் செத்துப்போனவர். பாவாத்தாள் கைநாட்டு வைத்திருந்தால், அடுத்த காலாண்டில் அந்த வீட்டு விதவைக்கு இதே நோட்டீஸ் போயிருக்கும்.

நான் பெயரைப் படித்தேன். எஸ்.ஐ. தொப்பியை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, பாவாத்தாளைப் பார்த்துக் குரலை இறக்கினார்.

“இதோ பாரும்மா, நீ இதை ஒத்துக்கிட்டா உனக்குத்தான் நல்லது. இல்லைன்னா கேஸ் நடக்கும்.”

“நடக்கட்டுமுங்க. இன்னொருத்தங்க ஊட்டுதை என்றதுன்னு சொல்லிக் கைநாட்டு வெக்க மாட்டனுங்க. நானு குடுத்தது குடுத்ததுதான். அது ஸ்டேசனுக்குள்ள இருந்துதான் போயிருக்குது. ஆரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. களவு போச்சுன்னு எழுதுங்க.”

டெபுட்டி தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. அவர் நேர்மையான மனிதர் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாசம் ரிடையர் ஆகப் போகிறவர், சர்க்கரை வியாதிக்காரர், பசி தாங்க மாட்டார். எங்கள் தாலுகாவில் ஒரு உண்மை பேப்பரில் ஏறியது என்றால் அது அவருடைய வயிற்றுக்குப் பசித்ததால்தான்.

“எழுதும்மா தெய்வானை. ஸ்டோலன். கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம் போடு. நான் கையெழுத்துப் போடறேன்” என்று எழுந்துவிட்டார். எஸ்.ஐ. அந்தத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். பாஸ்கரன் சாரும் போய்விட்டார்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். ரிஜிஸ்டரை விரித்து, காளியண்ணன் பெயருக்கு நேரே லாஸ்ட் கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு, ஸ்டோலன் கட்டத்தில் ஒன்று என்று போட்டேன். பாவாத்தாள் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“எழுதிட்டீங்களா அம்மணி?”

“எழுதிட்டேனுங்கக்கா.”

“எது?”

தொட்டுக் காட்டினேன்.

“இந்தக் கோடா? ஒரே ஒரு கோடுதானுங்களா?”

“ஒரு கோடுதானுங்கக்கா.”

இன்னும் குனிந்து பார்த்தாள்.

“மத்ததெல்லாம் கருப்பா இருக்குது, இது மட்டும் வெளுப்பாத் தெரியுதுங்களே. இன்னொருக்கா அழுத்திப் போடுங்க” என்றாள்.

பேனாவை மையில் தோய்த்து, அதன்மேலேயே மறுபடியும் இழுத்தேன். அழுத்தியதில் நிப்பு தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும் இறங்கிவிட்டது.